ஒளியளவு என்னும் எண்: கழிவுநீர் மறுபயன்பாட்டில் புறஊதாக் கிருமிநீக்கம் எதை உறுதி செய்கிறது?

நகரக் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தி மீண்டும் பயன்படுத்தும் திட்டங்களில், புறஊதாக் கிருமிநீக்கம் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒற்றை எண்ணைச் சுற்றியே நடக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிஜூல் என்பது அந்த எண். ஒளியின் செறிவையும் அது தண்ணீரின் மேல் விழும் நேரத்தையும் பெருக்கினால் வருவது; தமிழில் ஒளியளவு எனலாம். (இனி வரும் இடங்களில் ‘மில்லிஜூல்’ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு என்று கொள்க.) வாங்கும் நகராட்சியும் விற்கும் நிறுவனமும் இந்த எண்ணை ஒரு தொட்டியின் கொள்ளளவு போல, நேரில் அளந்து சரிபார்க்கக்கூடிய ஒன்றாக எடுத்துக்கொள்கின்றன.

இக்கட்டுரை அந்த நம்பிக்கையை ஆராய்கிறது. ஓடும் தண்ணீரில் ஒளியளவை நேரில் அளக்க முடியாது என்பதே என் வாதத்தின் தொடக்கம். குறிப்பிட்ட ஒரு தண்ணீரில், குறிப்பிட்ட ஓர் உயிரியை வைத்து, குறிப்பிட்ட ஒரு முறையில் நடத்திய சோதனையின் சுருக்கமே அந்த எண். இந்த மூன்றையும் கேட்காமல் வாங்கப்படும் 100 மில்லிஜூல், தண்ணீரைத் தொடப்போகும் மனிதருக்கு எந்த உறுதியும் தருவதில்லை.

1. ஒளி கைவிடப்பட்டதும் திரும்பி வந்ததும்

சூரிய ஒளி பாக்டீரியாக்களை ஒடுக்குகிறது என்று இங்கிலாந்தில் டௌன்ஸ், பிளண்ட் ஆகிய இருவரும் 1877-இல் காட்டினர். பாதரச ஆவி விளக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியும் வந்தபின், 1910-இல் பிரான்சின் மார்செய் நகரில் குடிநீருக்குப் புறஊதாக் கதிரைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஆனால் அதற்கு இரண்டாண்டு முன்பே அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி தன் குடிநீரில் குளோரின் கலக்கத் தொடங்கியிருந்தது. குளோரின் மலிவு. குழாய் முழுவதும் மிச்சம் நின்று காவல் செய்யும். விளக்கு அடிக்கடி பழுதானது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒளியை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

அது திரும்பி வந்ததற்குக் குளோரினின் குறைகளே காரணம். தண்ணீரிலுள்ள கரிமப் பொருள்களோடு குளோரின் வினைபுரிந்து டிரைஹாலோமீத்தேன்கள் உருவாவதை 1974-இல் ராட்டர்டாமில் யோகன்னஸ் ரூக் வெளியிட்டார். கழிவுநீரிலோ சிக்கல் இன்னும் நேரடியானது. அதிலுள்ள அம்மோனியா குளோரினைக் குளோரமைனாக மாற்றிவிடும். குளோரமைன் மெதுவாகவே வேலை செய்யும். ஆற்றில் விடும் தண்ணீரில் எஞ்சிய குளோரின் மீன்களைக் கொல்லும்.

மறுபயன்பாட்டுக்கான அளவுகோல்களை எழுதியதில் கலிபோர்னியா மாநிலத்துக்குத் தனி இடமுண்டு. ‘தலைப்பு 22’ என்று பெயர்பெற்ற அதன் விதிகளின்படி, மக்கள் தொடக்கூடிய இடங்களுக்கும் பச்சையாக உண்ணும் பயிர்களுக்கும் போகும் தண்ணீரில் மொத்தக் கோலிஃபார்மின் ஏழுநாள் இடைநிலை, 100 மில்லிலிட்டருக்கு 2.2-ஐத் தாண்டக்கூடாது. குளோரின் என்றால் லிட்டருக்கு மில்லிகிராமில் எஞ்சிய அளவையும் நிமிடத்தில் தொடுநேரத்தையும் பெருக்கி 450 வரவேண்டும். தொடுநேரம் 90 நிமிடத்துக்குக் குறையக்கூடாது. வேறு முறைகளைக் கையாள்வோர், வடிகட்டலும் கிருமிநீக்கமும் சேர்ந்து போலியோ வைரஸையோ எம்எஸ்2 என்ற பாக்டீரியத் தின்னி வைரஸையோ 5 லாக் குறைக்கும் என்று நிறுவ வேண்டும். ஒரு லாக் என்றால் பத்தில் ஒன்று மிஞ்சும். 5 லாக் என்றால் லட்சத்தில் ஒன்று மிஞ்சும்.

ஒளிக்கு இதை எப்படி மொழிபெயர்ப்பது? அமெரிக்காவின் தேசிய நீர் ஆய்வு நிறுவனம் 2000-ஆம் ஆண்டு ஒரு வழிகாட்டுநூல் வெளியிட்டது; 2003-இலும் 2012-இலும் அதைத் திருத்தியது. மணல் போன்ற ஊடக வடிகட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு 100 மில்லிஜூல், சவ்வு வடிகட்டியிலிருந்து வருவதற்கு 80, எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) கடந்து வருவதற்கு 50 என்று அது வகுத்தது. ஒவ்வொன்றோடும் இன்னோர் எண்ணும் வந்தது: ஒரு சென்டிமீட்டர் தண்ணீரை ஊடுருவி வெளிவரும் 254 நானோமீட்டர் ஒளியின் பங்கு. முறையே 55, 65, 90 விழுக்காடு.

உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும்போது முதல் எண் மட்டும் பயணம் செய்தது. வடிகட்டியும் ஊடுருவலும் பின்தங்கிவிட்டன. என் பார்வையில் குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. 100, 80, 50 என்பவை விளக்கின் வலிமையைப் பற்றியவை போலத் தோன்றினாலும், உண்மையில் விளக்குக்கு முன்னால் நிற்கும் வடிகட்டியைப் பற்றிய தீர்ப்புகள்.

2. எதைச் சாவு என்கிறோம்?

புறஊதாக் கதிர் கிருமியை எரிப்பதில்லை. குத்திக் கிழிப்பதும் இல்லை. மரபிழையில் அடுத்தடுத்து நிற்கும் தைமின் அலகுகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. பிணைந்த இழையைப் படியெடுக்க முடியாது, கிருமி பெருகாது. அது மூச்சோடு இருக்கலாம், நகரலாம், சாயம் ஏற்றிப் பார்த்தால் உயிருள்ளதாகவே தெரியலாம்.

இந்த வேறுபாட்டுக்கு அறிவியல் ஒரு விலை கொடுத்திருக்கிறது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குடிநீரில் நுழைந்து சுமார் 4 லட்சம் பேரை நோயில் தள்ளியது. குளோரினை எளிதாகத் தாங்கும் உயிரி அது. ஒளியாலும் பயனில்லை என்றே அப்போது நம்பினார்கள். ஏனெனில் சாயச் சோதனையிலும், ஓட்டிலிருந்து வெளிவரவைக்கும் சோதனையிலும், மிகுந்த ஒளியளவுக்குப் பிறகும் அது உயிரோடிருந்தது. 1990-களின் இறுதியில் ஆய்வாளர்கள் கேள்வியை மாற்றினர்: ஒளிபட்ட ஒட்டுண்ணியை எலிக்குட்டிக்குக் கொடுத்தால் நோய் வருகிறதா? வரவில்லை. மிகச் சிறிய ஒளியளவே போதுமானதாக இருந்தது. விளக்கு மாறவில்லை, ஒட்டுண்ணியும் மாறவில்லை. சாவு என்பதன் வரையறை மாறியதும், பயனற்றது என்று ஒதுக்கிய கருவியே அந்த ஒட்டுண்ணிக்கு எதிரான முதன்மைக் கருவி ஆயிற்று.

இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. சேதத்தைச் செப்பனிடும் திறன் பல பாக்டீரியாக்களுக்கு இருக்கிறது. கட்புலன் ஒளியில் ஒரு நொதி அந்தப் பிணைப்புகளை அவிழ்த்துவிடுகிறது என்பதற்கு அடித்தளமான கண்டுபிடிப்பை 1949-இல் ஆல்பர்ட் கெல்னர் வெளியிட்டார். கிருமிநீக்கம் முடிந்த தண்ணீரைத் திறந்த குளத்தில், நம் ஊர் வெயிலில் தேக்கிவைக்கும் திட்டத்துக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. சரியான ஒளியளவு பெற்ற தண்ணீருக்கு இந்த மீட்சி சிறிதே. விளிம்பில் நிற்கும் ஒளியளவைப் பெற்ற தண்ணீருக்குப் பெரிது. ஆகவே மாதிரியை விளக்குக் கால்வாயின் வாயிலில் எடுக்கிறோமா, குளத்தின் மதகில் எடுக்கிறோமா என்பதையும் வடிவமைப்பிலேயே முடிவுசெய்தாக வேண்டும்.

3. விளக்கிலிருந்து மூன்று சென்டிமீட்டர்

ஊடுருவல் 55 விழுக்காடு என்றால் விளக்கின் உறையிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் ஒளியின் 55 விழுக்காடு எஞ்சும். இரண்டாவது சென்டிமீட்டரில் 30, மூன்றாவதில் 17. ஊடுருவல் 65 என்றால் மூன்றாவது சென்டிமீட்டரில் 27. 90 என்றால் 73. ஒளி பரவி மெலிவதைச் சேர்க்காமலே வரும் கணக்கு இது. மூன்று விரல் அகலத்துக்குள் நடக்கும் இந்த வீழ்ச்சியே விளக்குகளை எவ்வளவு நெருக்கி வைக்க வேண்டும், எத்தனை விளக்குகள் வேண்டும், மின்கட்டணம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தண்ணீர் புறஊதாக் கதிருக்கு இருட்டாக இருக்கலாம் என்பதை, திட்டங்களை ஒப்புக்கொள்ளும் நிர்வாகிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இருட்டுக்குக் காரணம் கரைந்திருக்கும் பொருள்கள்: மட்கிய கரிமங்கள், சாயம், இரும்பு. சாயப்பட்டறைத் தண்ணீர் கள்ளத்தனமாக ஊர்ச் சாக்கடையில் சேரும் இடங்களில் ஊடுருவல் வேளைக்கு வேளை மாறும். பாஸ்பரஸை நீக்கப் பல நிலையங்களில் இரும்பு உப்பைச் சேர்க்கிறார்கள். எஞ்சும் இரும்பு ஒளியை விழுங்குவதோடு, விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் உறையில் பழுப்பாகப் படியும். கடினநீர் உள்ள ஊர்களில், உறையின் வெதுவெதுப்பில் சுண்ணாம்பும் படியும். ஆகவே உறையை வழிக்கும் துடைப்பான் உண்டா, அமிலத்தால் கழுவ வழி உண்டா என்ற கேள்விகளை உதிரிபாகப் பட்டியலுக்குத் தள்ளிவிட முடியாது. விளக்கு முதுமையடையும்போது ஒளி பாதியாகும் என்றும், உறை அழுக்கால் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்றும் அமெரிக்க வழிகாட்டுநூல், வேறு சான்று தராதவர்களுக்கு, இயல்பு மதிப்பு வைத்திருந்தது. இரண்டையும் பெருக்கினால் புதிய விளக்கின் ஒளியில் 40 விழுக்காட்டை வைத்தே கணக்குப் போட வேண்டும். இந்தக் கடுமை எனக்கு நியாயமாகவே படுகிறது. புது விளக்கோடு நடக்கும் ஏற்புச் சோதனையில் எல்லா நிலையங்களும் தேறிவிடும்.

கரைந்தவற்றைக் காட்டிலும் பிடிவாதமானவை துகள்கள். இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பிலிருந்து வரும் தண்ணீரில் உயிர்க்கசடின் சிறு திரள்கள் மிதக்கின்றன. அவற்றின் நடுவில் பதிந்த பாக்டீரியாவை ஒளி எட்டுவதில்லை. ஒளியளவைக் கூட்டக் கூட்ட எஞ்சும் கோலிஃபார்ம் முதலில் செங்குத்தாகச் சரியும். பிறகு வால் போல நீண்டு கிடையாக நின்றுவிடும். அந்த வாலை விளக்கால் வெட்ட முடியாது. வடிகட்டியால் மட்டுமே முடியும். ஊடக வடிகட்டிக்குக் கலங்கல் சராசரி 2 என்.டி.யூ-வுக்குள்ளும், சவ்வு வடிகட்டிக்கு 95 விழுக்காடு நேரம் 0.2-க்குள்ளும் இருக்க வேண்டும் என்ற விதிகள் இதனால் வந்தவை. வடிகட்டியில் பணத்தை மிச்சப்படுத்தி விளக்கில் ஈடுகட்டலாம் என்று நினைப்பது, எந்த அளவு மின்சாரத்தாலும் திருத்த முடியாத பிழை.

4. சராசரிக்குள் ஒளிந்திருப்பது

கால்வாயில் ஓடும் ஒவ்வொரு துளியும் ஒரே பாதையில் போவதில்லை. ஒன்று விளக்கை உரசிப் போகும். ஒன்று இரு விளக்குகளுக்கு நடுவே போகும். ஒன்று சுவரை ஒட்டி விரைந்து போய்விடும். மூன்றும் பெறும் ஒளியளவுகள் வேறு. சராசரி ஒளியளவு அபாரமாக இருந்தும் நிலையம் தோற்பது இப்படித்தான். ஒரு கணக்கு போதும். 99 விழுக்காடு தண்ணீரில் கிருமிகள் பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைகின்றன, அதாவது 4 லாக். மீதி ஒரு விழுக்காடு ஒளியே படாமல் தப்பிவிடுகிறது. மொத்த விளைவு நூற்றில் ஒன்று, அதாவது வெறும் 2 லாக். விளக்கின் வலிமையை இருமடங்காக்கினாலும் அந்த 2 அப்படியே நிற்கும்.

எனவே நல்ல வடிவமைப்பாளரின் கவனம் தண்ணீர் வரும் வழியில் இருக்கும்: கால்வாய் விளக்குகளுக்கு முன் போதிய தூரம் நேராக ஓடுகிறதா, மேல் வரிசை விளக்குக்கு மேலே கூடுதல் தண்ணீர் ஏறாதபடி கீழ்முனைத் தடுப்பணையோ தானியங்கி மதகோ மட்டத்தைக் காக்கிறதா, காலையிலும் மழைநாளிலும் பாயும் உச்ச ஓட்டத்தில் அந்த மட்டம் என்னாகிறது. இரவில் ஓட்டம் குறையும்போது மட்டம் இறங்கி மேல் விளக்கு வெளியே தெரிந்தால், உறை சூடேறி அழுக்கு சுட்டு ஒட்டிக்கொள்ளும்.

பாதைகள் இப்படிப் பிரிவதால் கருவியின் ஒளியளவை உயிரியைக் கொண்டே அளக்கிறார்கள். ஆய்வகத்தில் ஒரு தட்டிலுள்ள தண்ணீரின்மேல் இணைகதிர் ஒளியைப் பாய்ச்சி, எத்தனை மில்லிஜூலுக்கு எம்எஸ்2 எவ்வளவு குறைகிறது என்று வரைபடம் தயாரிப்பார்கள். பிறகு அதே எம்எஸ்2-வை முழு அளவுக் கருவியில் செலுத்தி, வெளிவரும் குறைவை அந்த வரைபடத்தோடு ஒப்பிடுவார்கள். கிடைப்பது ‘சமான ஒளியளவு’. இது கெட்டிக்கார முறை; நேர்மையான முறையும்கூட, ஏனெனில் தப்பி ஓடிய துளிகளும் கணக்கில் வந்துவிடுகின்றன. ஆயினும் எம்எஸ்2-வைவிட எளிதில் சாகும் உயிரியை வைத்துச் சோதித்தால் அதே கருவி வேறு எண் தரும். ஒளியளவு கருவியின் தனிப் பண்பு அல்ல, சோதித்த உயிரியும் சேர்ந்தே அதை உருவாக்குகிறது.

5. எந்தக் கிருமிக்கு எதிராக?

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2006-இல் குடிநீருக்காக வெளியிட்ட விதியின் ஒளியளவு அட்டவணை இந்த வாதத்துக்கு வலுவான சான்று. கிரிப்டோஸ்போரிடியத்தை 4 லாக் குறைக்க 22 மில்லிஜூல் போதும். வைரஸ்களை 4 லாக் குறைக்க 186 வேண்டும். அந்த 186 அடினோவைரஸை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இரட்டை இழை டி.என்.ஏ. கொண்ட அது, தான் புகும் மனித உயிரணுவின் பழுதுபார்க்கும் நொதிகளையே தன் சேதத்தைச் சரிசெய்யப் பயன்படுத்திக்கொள்கிறது. அந்த எண்ணும் 254 நானோமீட்டர் விளக்கை வைத்துப் பெற்றது. பல அலைநீளங்களை உமிழும் நடுஅழுத்த விளக்கு வைரஸின் புரதத்தையும் தாக்குவதால் குறைந்த அளவிலேயே வேலை முடிகிறது.

இப்போது கலிபோர்னியாவின் 100-ஐ இந்த அட்டவணையில் வைத்துப் பார்க்கலாம். எம்எஸ்2-க்கு 100 மில்லிஜூல் ஏறத்தாழ 5 லாக். அடினோவைரஸுக்கு அதே 100, அட்டவணைப்படி 2 லாக். ஒரே விளக்கு, ஒரே எண். லட்சத்தில் ஒன்று என்ற உறுதி நூற்றில் ஒன்றாகிவிடுகிறது. அடினோவைரஸ் தருவது கொடிய நோய் அல்ல, அது குளோரினுக்கு எளிதில் பணியும் என்று எதிர்வாதம் உண்டு. அது சரியான எதிர்வாதம். ஒளியையும் சிறிது குளோரினையும் அடுத்தடுத்து வைக்க வேண்டும் என்பதற்கே அது இட்டுச்செல்கிறது. ஒன்று விடும் கிருமியை மற்றது பிடிக்கும்.

இந்தியாவின் நிலை இன்னும் கவலை தருவது. கழிவுநீர் நிலையங்களுக்கான 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கை, மலக் கோலிஃபார்மை 100 மில்லிலிட்டருக்கு 1000-க்குள் வைக்கச் சொல்கிறது. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பைக் கடந்த தண்ணீரில் அது லட்சக்கணக்கில் இருந்தாலும், 1000-க்கு இறங்க 2 லாக் அல்லது அதற்குச் சற்று மேல் போதும். பாக்டீரியாக்களில் கோலிஃபார்ம் ஒளிக்கு எளிதில் மடியும் இனம். ஆகவே 30 மில்லிஜூல் சுற்றுவட்டத்தில் இயங்கும் சிறிய அமைப்பும், துகள் குறைவாக இருந்தால், இந்தச் சோதனையில் தேறிவிடலாம். அமெரிக்க அட்டவணையில் வைரஸை அரை லாக் குறைக்கவே 39 மில்லிஜூல். தேர்ச்சிச் சான்றிதழ் கையிலிருக்கும். வைரஸ்கள் ஏறக்குறைய அப்படியே வயலுக்குப் போயிருக்கும். ஆற்றில் விடுவதற்கு எழுதிய அளவுகோலை மறுபயன்பாட்டுக்கும் நீட்டுவதன் விளைவு இது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டுநெறி வேறு திசையில் யோசிக்கிறது. பச்சையாக உண்ணும் பயிர்களுக்கு நோய்க்கிருமிகள் மொத்தமாக 6 முதல் 7 லாக் குறைய வேண்டும் என்கிறது. ஆனால் முழுவதையும் நிலையமே செய்ய வேண்டியதில்லை. சொட்டுநீர்ப் பாசனம், கடைசிப் பாசனத்துக்கும் அறுவடைக்கும் நடுவே விடும் நாள்கள், சமையலறையில் கழுவுவது ஆகியவற்றுக்கும் பங்கு தருகிறது. நம் நகராட்சிகள் ஒளியளவை எழுதுவதற்கு முன் தண்ணீர் எங்கே போகிறது என்று எழுதவேண்டும் என்பேன். சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019 முதல் இயங்கும், நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள மூன்றாம் நிலை ஆர்.ஓ. நிலையங்களின் தண்ணீர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. பூங்காவில் குழந்தை உருளும் புல்தரைக்குப் போகும் தண்ணீர் வேறு வகை. இரண்டுக்கும் ஒரே எண்ணைப் படியெடுப்பது பொறியியல் ஆகாது.

6. ஆரஞ்சு மாவட்டம்: கிருமிக்கு அப்பால்

கலிபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்தில் 2008-இல் தொடங்கிய நிலத்தடி நீர் நிரப்பும் திட்டம் நாளொன்றுக்கு 7 கோடி கேலனில், அதாவது சுமார் 26.5 கோடி லிட்டரில் ஆரம்பித்து, 2023-இல் 13 கோடி கேலனுக்கு, அதாவது சுமார் 49 கோடி லிட்டருக்கு விரிந்தது. நுண்வடிகட்டல், ஆர்.ஓ., அதன்பின் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்த புறஊதாக் கதிர் என்பது அதன் வரிசை. ஆர்.ஓ. கடந்த தண்ணீர் ஒளிக்கு ஏறக்குறையக் கண்ணாடி போன்றது. அங்கே விளக்குகளின் எண்ணிக்கையை நிர்ணயித்தது கிருமி அல்ல. குளோரமைன் வினையில் உருவாகும் என்டிஎம்ஏ என்ற சிறிய மூலக்கூறு ஆர்.ஓ. சவ்வையும் ஓரளவு தாண்டிவிடும். லிட்டருக்கு 10 நானோகிராம் என்பது கலிபோர்னியாவின் அறிவிப்பு வரம்பு. அதைச் சிதைக்கக் கிருமிநீக்கத்துக்குத் தேவையானதைப் போலப் பத்து மடங்கு அளவில் ஒளி வேண்டும். 1,4-டையாக்சேன் போன்றவற்றுக்குப் பெராக்சைடிலிருந்து பிறக்கும் ஹைட்ராக்சில் உறுப்புகள் வேண்டும். இரண்டையும் செய்யும் ஒளியில் கிருமிநீக்கம் கூடவே நடந்துவிடுகிறது.

இவ்வளவு ஒளி இருந்தும் அம்மாநிலம் அதை முழுதாக நம்பவில்லை. நிலத்தடி நிரப்பலுக்கான 2014-ஆம் ஆண்டு விதிகள் வைரஸுக்கு 12 லாக், ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் ஆகிய ஒட்டுண்ணிகளுக்குத் தலா 10 லாக் கேட்கின்றன. குறைந்தது மூன்று தனித்தனிப் படிகள் வேண்டும், எந்த ஒரு படிக்கும் 6 லாக்குக்கு மேல் மதிப்புத் தரக்கூடாது என்கின்றன. கணக்கில் ஒளி 20 லாக் தந்தாலும் ஏட்டில் 6 மட்டுமே ஏறும். ஒரு விளக்கு வரிசை அணையும் நாளை நினைத்து எழுதிய விதி இது. நான் படித்த விதிகளில் மிகுந்த முன்யோசனை உள்ளதாக இதைச் சொல்வேன்.

7. நொடிகளும் நாள்களும்

தண்ணீர் விளக்குகளைக் கடக்கச் சில நொடிகள். கோலிஃபார்ம் சோதனையின் முடிவு வர ஒரு நாளுக்கு மேல். முடிவு கைக்கு வரும்போது அந்தத் தண்ணீர் பயிரின் வேரில் இருக்கும். ஆகவே நிலையம் இயங்குகிறதா என்பதற்கு நொடிக்கு நொடி சாட்சி சொல்லக்கூடியவை நான்கே: ஒளிச்செறிவு உணரி, ஊடுருவல் மானி, ஓட்டமானி, கலங்கல் மானி. உணரியின் கண்ணாடியிலும் உறையைப் போலவே அழுக்குப் படியும். அதை அவ்வப்போது தனியாகப் பாதுகாத்த மேற்கோள் உணரியோடு ஒப்பிடாவிட்டால், திரையில் ஓடும் ஒளியளவு வெறும் கணினிக் கணக்கே.

மின்சாரமும் இப்படித்தான். மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தால் விளக்கு அணையும். நடுஅழுத்த விளக்கு ஆறி மீண்டும் முழு ஒளிக்கு வரப் பல நிமிடங்கள் ஆகும். தண்ணீர் காத்திருக்காது. மின்தடை அன்றாடமாக இருக்கும் ஊரில் ஒளியளவை 80-லிருந்து 100-க்கு உயர்த்துவதைவிட, அணைந்த விளக்கைக் கடந்த தண்ணீரைத் திருப்பிவிடும் ஒரு மதகும், அதைத் தாங்கும் ஒரு தொட்டியும், விளக்குகளுக்கான மாற்று மின்வழியும் மிகுந்த பாதுகாப்புத் தரும். அவை பெரும்பாலும் செலவைக் குறைக்கும் கூட்டத்தில் முதலில் வெட்டப்படுகின்றன.

வடிவமைப்பு தொடங்க வேண்டிய இடம் விலைப்பட்டியல் அல்ல, ஓராண்டுப் பதிவேடு. கோடையிலும் வடகிழக்குப் பருவமழையிலும், காலை உச்சத்திலும் நள்ளிரவிலும், வடிகட்டிய தண்ணீரை எடுத்து 254 நானோமீட்டர் ஊடுருவலை எழுதிவர ஓர் ஆய்வக உதவியாளரும் ஒரு நிறமாலை ஒளிமானியும் போதும். இத்தகைய பதிவேடு இல்லாத ஊரில், ஒப்பந்தத்திலுள்ள 55 விழுக்காடு வேறோர் ஊரின் தண்ணீரைப் பற்றியது.